ப்ளோயரைத் திறந்த சர்ஜன்

கெட்டுப்போன பொருளைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. மூலையில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு. இவர்களில் சேராத இன்னோர் இனம் இருக்கிறது. ஏதோ ஒன்று ஓடவில்லை என்று காதில் விழுந்தால் போதும், முகம் மலர்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, "ஸ்குரூடிரைவர் எங்க?" என்று கேட்கும் இனம். இவர்களைக் 'கழற்றிகள்' என்று அழைப்போம். மாட்டத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

கழற்றிகளுக்கு ஒரே ஒரு வேதவாக்கு உண்டு: "லூஸ் காண்டாக்ட்." ரேடியோ பாடாவிட்டாலும் லூஸ் காண்டாக்ட், ஃபிரிட்ஜ் குளிராவிட்டாலும் லூஸ் காண்டாக்ட். விட்டால் மனைவி பேசாமல் இருப்பதற்கும் அதையே சொல்வார்கள்.

நமக்குத் தெரிந்த கழற்றி ஒருவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மகள் அவருக்கு வைத்த பெயர் சர்ஜன். அவருடைய மேஜையில் ஏறிய மிக்ஸியும், மேஜை விசிறியும், தையல் மெஷினும் உயிரோடு இறங்கவில்லை. தையல் மெஷின் மனைவியுடையது. அந்த அம்மாள் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனர், அதாவது அந்த அம்மாளின் தம்பி, புதிதாக வாங்கிய ப்ளோயரை ஒரு நாளைக்கு இரவல் கொடுத்திருந்தார். பாட்டரியில் ஓடும், காற்றை ஊதிச் சருகைத் தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. நம்மவர் அதை உச்சி வெயிலில் எடுத்துக்கொண்டு இறங்கி, வாசல் சருகை முடித்து, சுவர்மேல் கிடந்ததை முடித்து, பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டும் கேட்காமல் அவர் பக்கத்தையும் முடித்து, ஆசை அடங்காமல் தெருவில் கால் வைத்தபோது யந்திரம் சட்டென்று நின்றது. பாட்டரியைத் தொட்டார். சுட்டது. விரலை ஊதிக்கொண்டார்.

"மோட்டார் போச்சு" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மனைவி வெளியே வந்தாள். "என்னங்க, தொடாதீங்க. சாயங்காலம் தம்பி வருவான், அப்படியே குடுத்துடலாம்."

"கெட்டுப்போனதையா குடுக்கறது? மரியாதையா இருக்குமா? லூஸ் காண்டாக்ட்தான். பத்தே நிமிஷம்."

"தையல் மெஷினுக்கும் பத்து நிமிஷம்தான் சொன்னீங்க."

"அது வேற கேஸும்மா."

"சரி. அவன் வர்றப்போ இதுக்கு ஏதாவது ஆகியிருந்தா, உங்க டூல் பாக்ஸை அவன் வண்டியிலயே ஏத்தி அனுப்பிடுவேன். சொல்லிட்டேன்."

சர்ஜன் திரும்பி வீட்டுக்குள் இருந்த டூல் பாக்ஸைப் பார்த்தார். அந்தச் சிவப்புப் பெட்டி கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அலுவலகத்தில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் அந்தப் பெட்டி திறக்கும்போதுதான் இரண்டு பேராவது அவரைச் சுற்றி நிற்பார்கள், பயந்துகொண்டாவது. அது போய்விட்டால் அவரிடம் என்ன மிச்சம்?

ஆனாலும் கை கேட்குமா? பாட்டரியை உருவி, நிழலாக இருந்த ஜன்னல் மேடையில் வைத்தார். ஊதுகுழாயைக் கழற்றி மேஜையோரம் நிமிர்த்தி வைத்தார். திருகாணிகள் ஒவ்வொன்றாகச் சட்டைப் பைக்குள் போயின. மகள் டார்ச் பிடித்தாள்.

"அப்பா, ஃபோன்ல வீடியோ இருக்கும். ஒரு தடவை பாத்துடலாமே?"

"வீடியோ பாக்கறவன் எல்லாம் மெக்கானிக் ஆயிட முடியுமா? லைட்டை நேரா பிடி."

மூடி திறந்தது. உள்ளே மோட்டார் இருந்தது, ஒயர்கள் இருந்தன, பச்சையாக ஒரு தகடு இருந்தது. எது எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதது முகத்தில் தெரியக் கூடாதல்லவா? "ம்ம்..." என்றார். ஓர் ஒயரை இழுத்துப் பார்த்தார். வந்துவிடும்போல் இருக்கவே விட்டுவிட்டார். வாயால் ஒரு ஊது ஊதினார். பிறகு எழுந்து, ஊதுகுழாய்மேல் நன்றாகக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். குனிந்தவருடைய பையிலிருந்து மூன்று திருகாணிகள் குழாய்க்குள் விழுந்து, வளைந்த முனையில் போய் உட்கார்ந்துகொண்டதை அவரும் கவனிக்கவில்லை, மகளும் கவனிக்கவில்லை.

மாட்டும்போது மூன்று குறைந்தது. உடனே கழற்றிகளின் தேசிய முழக்கம் கிளம்பியது: "யாரு இங்க பெருக்கினது?"

யாரும் பெருக்கவில்லை. மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினார்கள். அதற்குள் சாயங்காலமாகி, வாசலில் ஹாரன் கேட்டது. "கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு ரெண்டு கூடத்தான் போடுவான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இருந்ததை முடுக்கி, குழாயை மாட்டி, ஆறிப்போயிருந்த பாட்டரியைச் சொருகி, வேர்க்க விறுவிறுக்க வாசலுக்கு வந்தார். மைத்துனர் காரை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, ஒழுங்கா ஓடிச்சா?"

சர்ஜன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழாயை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

ஓடியது! கும்மென்று ஓடியது. மனைவியின் வாய் பிளந்தது. அவருடைய மார்பு விரிந்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் கழற்றிகள் உயிர் வாழ்கிறார்கள்.

அடுத்த கணம் டிங், டிங், டிங் என்று மூன்று சத்தம். திருகாணிகள் மைத்துனரின் கார்க் கதவில் மூன்று இடத்தில் பெயிண்டைப் பெயர்த்துவிட்டுக் கீழே விழுந்தன.

மைத்துனர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். "எதுக்கு மாமா இதைப் போய்த் திறந்தீங்க?"

"நடுவுல நின்னுபோச்சு மாப்ளே. உள்ள லூஸ் காண்டாக்ட். சரி பண்ணிட்டேன்."

"வெயில்ல ரொம்ப நேரம் ஓட்டினா பாட்டரி சூடாகித் தானா நிக்கும் மாமா. கொஞ்ச நேரம் நிழல்ல வெச்சா தானா ஓடும்."

சர்ஜன் மெதுவாகக் கார் அருகில் போய், கதவைத் தடவி, அதன் விளிம்பில் முடுக்கியிருந்த திருகாணியைக் கட்டைவிரலால் நெருடினார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"மாப்ளே, இந்தக் கதவைக் கழட்டிட்டா பத்தே நிமிஷம்..."

மனைவி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் சிவப்புப் பெட்டி இருந்தது. "டேய், டிக்கியைத் திற" என்றாள் தம்பியிடம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பாட்டரி சுட்டது என்று படித்தபோதே, 'அட, சூடுதான் காரணம், இதுகூடத் தெரியவில்லையா, நானாக இருந்தால்...' என்று உங்கள் விரல்கள் லேசாகத் துடித்தனவா? அப்படியானால் ஒரு வேலை செய்யுங்கள். மைத்துனர் வருவதற்குள் உங்கள் பெட்டியை எங்கேயாவது ஒளித்து வையுங்கள்.