மூத்த செல்லுக்கு முதல் இடம்

கரா-ஆர்ச்சா கணவாய்ச் சுரங்கப்பாதைப் பராமரிப்பு அலுவலகத்தில் பன்னிரண்டு டார்ச்சுகள் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம்தான். போட்டால் எதிர்மலையில் மேயும் ஆடுகளை எண்ணலாம். அவற்றுக்கு இருபத்து நான்கு லித்தியம் செல்கள், செல்களைப் பார்த்துக்கொள்ள ஷைர்குல் என்ற கிடங்குக்காரி, ஷைர்குலைப் பார்த்துக்கொள்ள மூன்று அதிகாரிகள். மின்சாரம் நினைத்தபோது போகும் அந்தச் சுரங்கத்துக்குள் பனிக்கட்டி உடைக்கப் போகிறவர்களுக்கு இந்த வெளிச்சம்தான் துணை. அவர்களில் ஒருவன் ஷைர்குலின் கணவன் தோலோகோன். டார்ச்சை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொள்வது அவன் பழக்கம்.

ஆகவே ஷைர்குல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செல்களைக் கவனித்தாள். ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே டார்ச்சுக்குள் போகும், ஒன்றாகவே சார்ஜ் ஏறும். ஒன்று பழுதானால் இரண்டும் ஒன்றாகவே வெளியேறும். உறை கிழிந்த செல்லைத் தொடவே விடமாட்டாள். ஜோடிக்கு ஒன்றாகக் கம்பளிப் பை தைத்து வைத்திருந்தாள். இதற்கெல்லாம் அரசாணை கிடையாது என்பது ஒன்றுதான் குறை.

அந்த ஆண்டு தலைநகரத்திலிருந்து புதுச் செல்கள் வந்தன. கேட்டது இருபத்து நான்கு, வந்தது பன்னிரண்டு. அலுவலகத் தலைவர் இஷென்கூல் தம்மோடு தாமே நீண்ட ஆலோசனை நடத்தி ஆணை பிறப்பித்தார்: டார்ச் ஒன்றுக்குப் புதுசு ஒன்று, பழசு ஒன்று.

“பைகே, அது ஆகாது,” என்றாள் ஷைர்குல். அண்ணனுக்கும் மேலதிகாரிக்கும் அங்கே ஒரே சொல்தான்.

“ஏன் ஆகாது?”

“பழசு சீக்கிரம் தீர்ந்துபோயிடும். புதுசு அதை விடாம இழுக்கும். பழசு சூடாகிப் புகையும், அப்புறம் வெடிக்கும். புது ஜோடி ஆறு, பழைய ஜோடி ஆறுன்னு பிரிச்சிடலாமே.”

“புது ஜோடி யாருக்கு?”

“சுரங்கத்துக்குள்ள போறவங்களுக்கு.”

“அப்ப எனக்குப் பழசா?”

“நீங்க ஜன்னலோரம்தானே உக்காந்திருக்கீங்க.”

இஷென்கூலின் முகம் சுருங்கியது. “ஏம்மா, பெரியவங்க தளர்ந்துபோனா சின்னவங்க தாங்குறது நம்ம வழக்கமா இல்லையா? பழசைத் தனியா ஒதுக்குன்னு சொல்றியே, நாளைக்கு மாமியாரையும் இப்படித்தான் ஒதுக்குவியா?”

மாமியார் பேச்சு வந்த பிறகு எந்தப் பெண்ணால்தான் மின்சாரத்தைப் பற்றிப் பேச முடியும்?

அடுத்து, மூத்த செல்லுக்கு இடம் எது என்ற கேள்வி எழுந்தது. வீடு என்றால் வாசலுக்கு நேர் எதிர்க்கோடி மூத்தவர் இடம், சின்னவர்கள் வாசலோரம். டார்ச்சுக்கு வாசல் எது? திருகும் மூடி. எனவே பழைய செல் உள்ளே, புதிய செல் மூடியோரம் என்று மூன்று அதிகாரிகளும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள். அதற்குள் தேநீர் நான்கு முறை வந்து போயிருந்தது.

மூன்றாம் நாள் காலை தோலோகோனின் நெஞ்சில் மூத்தவர் புகைந்தார். அவன் டார்ச்சைப் பிய்த்து எறிய, அது தரையைத் தொடுமுன்பே வெடித்தது. ஆட்டுத்தோல் கோட்டில் கையகல ஓட்டை. ஷைர்குல் அந்த ஓட்டைக்குள் கையை விட்டு, அவன் உடம்பில் காயம் இல்லை என்று தடவித் தெரிந்துகொண்ட பிறகுதான் அழுதாள். அழுது முடித்ததும் நேராகத் தலைவரிடம் போனாள்.

“வெடிச்சிடுச்சு, பைகே.”

“பழசு உள்பக்கம்தானே இருந்துச்சு?”

“ஆமா.”

“அப்ப மரியாதையில ஒரு குறையும் இல்ல,” என்று நிம்மதியாகக் குறித்துக்கொண்டார்.

விசாரிக்கத் தலைநகரத்திலிருந்து பாதுகாப்பு ஆய்வாளர் ரயிம்பெக் வந்தார். ஆடு வெட்டி, பெரிய விருந்தாளிக்குரிய மரியாதைப்படி அதன் தலையை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் இடுப்பில் புத்தம்புது டார்ச் ஒன்று மின்னியது. தலைநகரத்தில் இப்போது அது இல்லாத அதிகாரியை வாயில்காரன்கூட மதிப்பதில்லை. உபரிச் செல்லைக் கால்சட்டைப் பையில் கார் சாவிகளோடு போட்டிருந்தார்.

“ஐயா, சாவியும் செல்லும் ஒரே பையில வேணாங்க. உரசினா பத்திக்கும்.”

“ஏம்மா, பாதுகாப்பு ஆய்வாளர் நானா, நீயா?”

சுரங்கத்தின் நடுவே போனபோது ரயிம்பெக் திடீரென்று குதிக்க ஆரம்பித்தார். மேலதிகாரி குதிக்கும்போது சும்மா நிற்பது முறையல்ல என்று இஷென்கூலும் இரண்டு குதி குதித்தார். தோலோகோன்தான் ஆய்வாளரைத் தூக்கிப் பனிக்கட்டிக் குவியலில் உட்கார வைத்தான்.

ஒரு வாரத்தில் புது விதிகள் வந்தன. ஒரே வயதுச் செல்களைச் சேர்த்தல், ஜோடியாகச் சார்ஜ் ஏற்றல், உறை கிழிந்ததை விலக்கல், தனிப் பையில் வைத்தல். அத்தனையும் ஷைர்குல் சொன்னதே. படிக்கப் படிக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: “மேற்படி விதிகள் செல்களுக்கும் அவற்றைக் கையாளும் பணியாளர்களுக்கும் ஒருசேரப் பொருந்தும்.”

“அப்படின்னா என்ன, பைகே?”

“ஜோடியில ஒண்ணு பழுதானா ரெண்டையும் விலக்கணும்னு நீதானே சொன்ன? உன் வீட்டுக்காரருக்குக் கோட்டு எரிஞ்சிருக்கு. உறை கிழிஞ்ச கேஸு. நீ அவர் ஜோடி.” இஷென்கூல் உண்மையாகவே வருந்தினார். “ரெண்டு பேரும் நாளையிலேர்ந்து வரவேண்டாம்.”

“அந்த ஆய்வாளருக்குக் கால்சட்டையே எரிஞ்சுதே?”

“அவர் ஜோடி மந்திரியோட தங்கச்சி. அதைத் தனியா பரிசீலிக்கிறாங்க.”

ஷைர்குல் சந்தையில் கடை போட்டாள். நல்ல செல், ஜோடி ஜோடியாக, கம்பளிப் பையோடு. செல்லின் மேலே அச்சடித்த மின் கொள்ளளவு எண் மூவாயிரத்து ஐந்நூறு. உள்ளே இருந்ததும் அவ்வளவுதான். பக்கத்துக் கடையில் அதே அளவுச் செல்லில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. விலையோ பாதி. கூட்டமெல்லாம் அங்கேதான். லாரிக்காரர்கள், பனி உடைப்பவர்கள், தோலோகோனின் கோட்டு ஓட்டையைப் பார்த்துவிட்டு அதிகாரிகளை முட்டாள்கள் என்று திட்டித் தீர்த்த அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள்.

“அந்த எண்ணு பொய்ப்பா! கையில தூக்கிப் பாரு, கனமே இருக்காது!” என்று கத்தினாள்.

“பொய்யா இருந்தா அச்சடிப்பாங்களா, அக்கா?” என்றான் வரிசையில் ஒருவன்.

மதியம் தோலோகோன் சாப்பாடு கொண்டுவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ஆச்சரியமா ஒண்ணு வாங்கியிருக்கேன், பாரு. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்! நீ சொன்ன மாதிரியே ஜோடியாத்தான் வாங்கினேன்.”

கால்சட்டைப் பைக்குள் கையை விட்டான். முதலில் வெளியே வந்தது வீட்டுச் சாவி.