எதைவிட வெள்ளை?

அன்புக்கும் அளவற்ற பொறுமைக்கும் உரிய அக்கா மகன் மாப்பிள்ளைக்கு, உன் தாய்மாமன் இரு கையும் உயர்த்தி ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், குளியலறைக் குழாய் நலம், நீ ஒப்படைத்துப் போன ஏழு செடிகளில் ஐந்து நலம். அங்கு உன் அலுவலகப் பயிற்சியும் உன் மனைவியின் இருமலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிய ஆவல்.

இனி நான் எழுதப்போகும் கதையைப் பூமியில் பிறந்த ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முன்கூட்டியே சத்தியம் செய்து தருகிறேன். உன் அம்மா நிச்சயம் நம்பமாட்டாள். "அவன்கிட்ட சாவியைக் குடுக்காதடா, நீ திரும்பி வரப்போ வீடு இருக்காது" என்று என் காதுபடவே சொன்னவள். ஆகையால் படித்ததும் கிழித்துவிடு.

நீ புறப்படும்போது வாசலில் பெட்டியோடு நின்று ஒரே ஒரு விதி சொன்னாய். "மாமா, என்ன வேணா பண்ணுங்க, சுவத்துல மட்டும் ஆணி அடிக்காதீங்க. ஓனர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாரு. சுவர் இருந்தது இருந்தபடி இருந்தாதான் இன்னொரு வருஷம் வீடு நமக்கு." நான் தலையாட்டினேன். மூன்று நாள் ஆடிய தலை நான்காம் நாள் நின்றது. காலண்டர் இல்லாத வீட்டில் வெள்ளிக்கிழமை என்று வருகிறது என்பதை ஒரு மனிதன் எப்படித் தெரிந்துகொள்வான், நீயே சொல். வாங்கி வந்த காலண்டரை மாட்ட ஒரு ஆணி, ஒரே ஒரு அடி. எலுமிச்சம்பழ அளவு பூச்சு பெயர்ந்து என் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் மூன்று தெரு தள்ளிப் பேருந்துகள் ஓரங்கட்டி நின்றதாகக் கேள்வி.

நொண்டிக்கொண்டே பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். கண்ணில் அதற்கு வேலை இல்லை போலும்.

"வெள்ளை ஒரு டப்பா குடுங்க."

"என்ன வெள்ளை?"

"வெள்ளைன்னா வெள்ளைதாங்க."

அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒரு கலர் அட்டையை விரித்தார், விரித்தார், விரித்துக்கொண்டே போனார். அதன் மறுமுனை சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்துவிட்டது. அதில் நானூற்றுப் பதினொரு வெள்ளை.

"பால் மாதிரி இருக்கும்" என்றேன்.

"பால் மாதிரியே முப்பது இருக்கு சார். காய்ச்சின பாலா, காய்ச்சாத பாலா?"

"கொஞ்சம் மங்கலா இருக்கும்."

"எதைவிட மங்கல்?"

மாப்பிள்ளை, அறுபத்தோரு வருடமாக மங்கல், பளிச்சு, பெரிசு, சின்னது, தேவலாம், மட்டம் என்று வாய் ஓயாமல் பேசி வந்திருக்கிறேன், எதைவிட என்று ஒருவரும் கேட்டதில்லை. உன் அம்மா என்னைச் சோம்பேறி என்று சொன்ன நாளெல்லாம் நானாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் "அந்த அலமாரியைவிட" என்று சளைக்காமல் சொல்லியிருப்பாள், அது வேறு விஷயம்.

"ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் சார் இந்த வார்த்தைக்கெல்லாம் வேலை. தனியா வெச்சா எல்லாமே வெள்ளைதான். சுவத்துல ஒரு துண்டு பேத்து எடுத்துட்டு வாங்க."

எடுத்துப் போனேன். அட்டையில் வைத்துப் பார்த்தோம். முத்து வெள்ளையைவிட மஞ்சள், தந்த வெள்ளையைவிட நீலம், சுண்ணாம்பு வெள்ளையைவிடச் சோகம். "இன்னும் கொஞ்சம் பெரிய துண்டா இருந்தா நல்லாருக்கும்" என்றார். "எதைவிடப் பெரிசு?" என்று கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். வீட்டுக்கும் கடைக்கும் ஆறு நடை, ஒவ்வொரு நடைக்கும் முந்தையதைவிடப் பெரிய துண்டு. எலுமிச்சை தட்டாகி, தட்டு தாம்பாளமாகி, ஆறாம் முறை உளியோடு சுவர் முன் போய் நின்றால், ஓட்டைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"உங்க ஃபேன் காத்து இங்க நல்லா வருது சார், இன்னும் ஒரு நம்பர் கூட்டி வைங்க" என்றார்.

என் துயரத்தைச் சொன்னேன். வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "எந்த இடத்து வெள்ளையைக் கேக்கறீங்க?" என்றார். "ஜன்னலோரம் வெயில் பட்டு வெளுத்துக் கிடக்கு. அலமாரிக்குப் பின்னாடி பழுப்பேறிக் கிடக்கு. டியூப்லைட்ல பார்த்தா ஒண்ணுமே தெரியாது. துணிக்குத் துணி சேருதான்னு நாங்க வாசல் வெளிச்சத்துல வெச்சுதான் பார்ப்போம்."

பார்த்தேன். ஒரே சுவரில் பதினோரு வெள்ளை இருக்கிறது, மாப்பிள்ளை. அதன்பின் ஆணியும் மறந்தது, ஓனரும் மறந்தார். கையில் சுவர்த் துண்டோடு மத்தியானம் முழுக்க வீட்டைச் சுற்றினேன். கைகழுவும் தொட்டி உன் சட்டையைவிட நீலம். உன் பட்டச் சான்றிதழின் ஓரம் முட்டை ஓட்டைவிட மஞ்சள். கண்ணாடி முன் நின்றபோதுதான் தெரிந்தது, என் மீசையின் இடது பக்கம் வலது பக்கத்தைவிட வெளுப்பு. இத்தனை வருடம் இரண்டையும் ஒரே மீசை என்று நினைத்துத் தடவி வந்திருக்கிறேன்.

இத்தனை வெள்ளைக்கும் ஈடு தேட முடியாது என்று தெரிந்ததும் என் மகா மூளை விழித்தது. ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்தேன். லாரியில் ஆயிரம் லிட்டர் புது வெள்ளை வரவழைத்து எல்லாச் சுவர்களுக்கும் அடித்தேன். கை நிற்காமல் கூரை, கதவு, மின்விசிறி, மிச்சமிருந்த ஐந்து செடி என்று எல்லாவற்றுக்கும் அடித்தேன். ரோலரைக் கீழே வைக்கிறேன், வெள்ளிக்கிழமை வரவேண்டிய ஓனர் கறுப்புக் கோட்டோடு இன்றே வந்து நிற்கிறார்.

"சுவர் ஒரு மாதிரியா இருக்கே" என்றார்.

"எந்த மாதிரிங்க?"

"வெளுப்பா இருக்கு."

"எதைவிட வெளுப்பு?"

"முன்ன இருந்ததைவிடத்தான்."

"முன்ன இருந்தது எங்க இருக்கு, காட்டுங்க. பக்கத்துல வெச்சுப் பார்த்துடுவோம்."

அவர் இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார், அண்ணாந்து பார்த்தார். ஈடு வைத்துப் பார்க்க அந்த வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. கடைசியில் கைக்குட்டையை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்து, கைக்குட்டைதான் அழுக்கு என்று கண்டு, அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, இன்னொரு வருஷம் இருந்துக்கச் சொல்லுங்க" என்றார். போகும்போது அவர் முதுகு வந்ததைவிட மிகவும் வெளுத்திருந்தது.

ஆக, கவலையை விடு. நீயும் உன் மனைவியும் பல்லாண்டு இதே வீட்டில் பெருக, இதே சுவர்களுக்குள் ஓங்க, இந்தத் தாய்மாமனின் வாழ்த்து. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். என்ன கேட்டேன் என்று சொல்லாதே.

இப்படிக்கு,
சாவிக்கு முற்றிலும் தகுதியான உன் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மனசாட்சி குறுக்கே வந்து நிற்கிறது. ஓனர் வரவில்லை, வெள்ளிக்கிழமைதான் வருகிறார். லாரி வரவில்லை. கட்டைவிரல் வீங்கிக் கிடப்பதால் நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. தையல்கார அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் சுவர் முழுசாக இருக்கிறது. இவ்வளவிலும் உண்மை ஒன்றே ஒன்று, ஆணி அடித்த அந்த ஓட்டை. அதன்மேல் காலண்டரை ஒட்டி வைத்திருக்கிறேன். இத்துடன் பொட்டலத்தில் சுவர்த் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை திரும்பி வரும் வழியில் ஏதாவது கடையில் அதைக் காட்டி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, ஈடான வெள்ளை ஒரு சின்ன டப்பா வாங்கி வா. ஓட்டையும் சின்னதுதான், மாப்பிள்ளை. எதைவிடச் சின்னது என்று மட்டும் கேட்டுவிடாதே.