மிக்சரில் விழுந்த சிப்

டிப்ளமா முடித்த முதல் வருஷத்தில் வரும் திமிர், டாக்டர் படிப்பு படித்தவருக்குக்கூட வராது. எனக்கு அது கொஞ்சம் தாராளமாகவே வந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. (சர்வீஸ் என்ஜினியர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். கம்பெனி என்னை டிரெய்னி என்றது.) ஒருநாள் கரையான்சாவடி ஸ்வீட் கடை ஒன்றில் தராசு நின்றுவிட்டது. முதலாளி தெளிவாகத்தான் சொன்னார்: "மீனா, அங்க பிரிக்காதம்மா. எடுத்துக்கினு வந்துடு."

தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதா? நானா?

கடையின் கண்ணாடி மேடையிலேயே பிரித்தேன். போர்டில் ஒரு சிப் கெட்டுப்போயிருந்தது. துவரம் பருப்பு அளவு, பக்கத்துக்கு நாலு கால். கால்கள் போர்டின் ஓட்டைக்குள் நுழையாது, மேலேயே உட்காரும் வகை. காலேஜில் நான் பார்த்ததெல்லாம் கரப்பான்பூச்சி சைஸ் சிப்கள். (அதையும் பக்கத்திலிருந்தவள்தான் பற்றவைத்தாள். நான் போர்டைப் பிடித்துக்கொண்டேன்.) ஆனாலும் பழையதைச் சூடாக்கிப் பிடுங்கிவிட்டேன். வேடிக்கை பார்த்தவர்களை நோக்கி ஒரு புன்னகை வேறு.

பையிலிருந்த ஒரே புதுச் சிப்பை இடுக்கியால் அழுத்திப் பிடித்தேன். துள்ளிப் போய், பக்கத்தில் குவித்திருந்த மிக்சரில் விழுந்தது.

"இன்னாம்மா போச்சு?" என்றார் கடைக்காரர், கைத்தராசில் யாருக்கோ நிறுத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லண்ணா" என்று சொல்லிவிட்டு மிக்சருக்குள் கையை விட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அவரும் சேர்ந்து தேடினார். கிடைக்கவில்லை. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். "ஐயய்யோ, இப்பத்தான் ஒருத்தருக்குப் பொட்லம் கட்டிக் குடுத்தேன்! பஸ் ஸ்டாப்புக்குப் போறாரு, ஓடும்மா!"

ஓடினேன். சிப் அவர் தொண்டையில் சிக்கினால் முதலாளியிடம் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. அவர் தொண்டையைப் பற்றி அல்ல. அப்படிப்பட்ட உத்தமி நான்.

பஸ் ஸ்டாப்பில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, துப்புங்க!"

பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. அவர் வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "வேர்க்கடலைக்கு இன்னாடா காலு கீதேன்னு பாத்தேன். உன்னுதா?" பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, நீ ஆவடி குவார்ட்டர்ஸ்ல நம்ம ஃபேக்டரி ஃபிட்டர் சண்முகம் பொண்ணுதானே?"

இல்லவே இல்லை என்றேன். (முகமோ அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தது.)

மானமுள்ளவள் அதோடு நிறுத்தியிருப்பாள். நான் எச்சில் சிப்பைத் துப்பட்டாவில் துடைத்து, நெளிந்த கால்களை நகத்தால் நிமிர்த்தி, திரும்பிப்போய்ப் பற்றவைத்தேன். எந்தப் பக்கம் வைப்பது என்று காட்ட அதன் மூலையில் ஒரு புள்ளி இருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லித்தந்தார்கள். நான் பார்க்கவில்லை. கரண்ட் கொடுத்ததும் சிப்பிலிருந்து ஊதுபத்தி மாதிரி புகை வந்தது.

கடைக்காரர் திட்டக்கூட இல்லை. மிச்ச மிக்சரையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, "கெளம்பும்மா" என்றார்.

நான் வீடு சேருவதற்குள் கதை சேர்ந்திருந்தது. காக்கிச் சட்டைக்காரர் எங்கள் வீட்டு நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிப் போனால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அப்பா மாப்பிள்ளையிடம் சொன்ன முதல் கதையே இதுதான். இன்றும் விருந்தாளிக்கு நான் மிக்சர் வைத்தால், என் கணவர் முதலில் தட்டை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு அறிவிப்பார்: "கால் எதுவும் இல்ல. தைரியமா சாப்பிடுங்க."