பெரியப்பாவின் காருக்கு நூற்றிரண்டு டிகிரி

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். உங்கள் கார் மட்டும் அவ்வளவு நலமில்லை. போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். அப்பா பார்த்தால் நான் தொலைந்தேன்.

காலையில் காரை எடுத்துப்போக வருவீர்கள். ஏசியைப் போடுவீர்கள், சூடான காற்று வரும். வழக்கம்போல, "உன் கை பட்டு எதுடா உருப்பட்டிருக்கு?" என்று அப்பாவைக் கேட்பீர்கள். அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார், வெகுநேரம் வெளியே வரமாட்டார். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. அதனால் இந்தக் கடிதத்தை ஸ்டீயரிங்கில் செருகி வைக்கிறேன்.

நீங்கள் காரை விட்டுப்போனபோதே ஏசி குளிரவில்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். பெரியம்மாவுக்கு வெயிலில் தலைசுற்றும், குளுகுளுவென்று திருப்பித் தரவேண்டும் என்று அப்பா ஏசி கேஸ் டப்பாக்கள் வாங்கிவந்தார். மருந்துக்கடைக்காரர் அல்லவா, டப்பாவில் இருந்த குறிப்பை டாக்டர் சீட்டு மாதிரி திரும்பத் திரும்பப் படித்தார். கையுறை போட்டுக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைத்து, குழாயைச் சரியான வாயில் மாட்டினார். டப்பாவை நிமிர்த்திப் பிடித்துக் குலுக்கியது நான். குழாயிலிருந்த மீட்டர் முள் பச்சைக்கு வந்ததும் நிறுத்தினார். உள்ளே போய் உட்கார்ந்தேன். மூக்கு நுனி ஜில்லென்று ஆகிவிட்டது. எந்த மெக்கானிக்கும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க மாட்டார், பெரியப்பா.

அதோடு விட்டிருக்கலாம். மூக்கை நம்பக்கூடாது, அளக்க வேண்டும் என்று அப்பா, காய்ச்சல் பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து காற்று வரும் இடத்தில் செருகினார். நூற்றிரண்டு. மறுபடி வைத்தார், அதே நூற்றிரண்டு. முகம் வாடி, இரண்டாவது டப்பாவையும் ஏற்றினார். முள் சிவப்புக்குப் போய், கம்ப்ரஸர் தானாக நின்று, அனல் அடித்தது. ஜன்னலில் நின்ற அம்மா, "காருக்குத்தானே ஜுரம், ரெண்டு மாத்திரையை டேங்க்ல போடுங்க" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நூற்றிரண்டு காருடையது அல்ல, போன வாரம் என் தம்பிக்கு வந்த காய்ச்சல். தெர்மாமீட்டரை உதறினால்தான் பாதரசம் இறங்கும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்பாவே சொல்லித்தருவது அது. சொந்த அண்ணன் கார் என்ற பதற்றத்தில் மறந்துவிட்டார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒளிந்து நின்று அம்மா குரலில் பட்டறைக்கு போன் செய்து, இரண்டு டப்பா ஏற்றியதைச் சொன்னேன். மெக்கானிக் என்னை மேடம் என்றார். எதுவும் கெட்டிருக்காது, ஏசி போடாமல் ஓட்டி வாருங்கள், அதிகப்படி கேஸை மெஷினில் இழுத்துவிடலாம் என்றார். ஆகவே தயவுசெய்து ஏசியைத் தொடாமல், அப்பாவை ஒன்றும் கேட்காமல், நேரே பட்டறைக்குப் போகவும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் ஆசி எனக்கு இப்போது அவசரமாகத் தேவை.

இப்படிக்கு,
தம்பி மகள்

பின்குறிப்பு: அப்பா பார்த்துவிட்டார். முழுதும் படித்தார். திட்டவில்லை. "மெக்கானிக்குகிட்ட ரெண்டு டப்பான்னா சொன்ன? நீ டியூஷன் போனப்புறம் மனசு கேக்கல, மூணாவதையும் ஏத்திட்டேன்" என்றார். ஆகவே மேலே எழுதியதை நம்பிச் சாவியைத் தொட வேண்டாம். "அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன், நீ எதுக்கு ஒளியற?" என்று சொல்லி, என் பேனாவை வாங்கி, கீழே அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திட்டுவதானால் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டவும்.