வாசிக்கக் கஷ்டமான கித்தார்

“முதல்ல தராசுல வைங்க நானா,” என்றார் யாகோப்பு.

பண்டாரவளைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாக வியாபாரம் செய்யும் அஸீஸ் நானாவிடம் கித்தாரை நிறுக்கச் சொன்ன முதல் ஆள் இவர்தான். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பறங்கிக் குடும்பம் விற்றுவிட்டுப் போன மூன்று கித்தார்கள், கம்பளிகளுக்கும் குடைகளுக்கும் நடுவே ஆணியில் தொங்கின.

“இது வாத்தியம் தம்பி. சீனி இல்ல.”

“கனமாயிருந்தாத்தானே நல்ல சரக்கு?”

யாகோப்புக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான். எல்ல என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் கொழுந்து நிறுக்கிறவர். கொழுந்து பறிக்கும் ஒவ்வொருத்தியின் ராத்தலையும் உரக்கக் கூவிக் கூவி, அடுத்த மலைக்கும் கேட்கிற குரல் அவருக்கு வாய்த்திருந்தது. அந்தக் குரலோடு எட்டு வருஷமாகத் தோட்டத்துக் கோயிலில் பாட்டுத் தலைவராகவும் இருந்தார். அவர் வாயைத் திறந்ததும் சபையார் அத்தனை பேரும் தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். இவ்வளவு பக்தியுள்ள சபை ஊவா மாகாணத்திலேயே கிடையாது என்பது யாகோப்பின் எண்ணம்.

இப்போது அந்தப் பதவிக்கு ஆபத்து. இனிமேல் வாத்தியம் வாசிக்கிறவர்தான் பாட்டுத் தலைவர் என்று உபதேசியார் அற்புதராஜ் அறிவித்துவிட்டார். கித்தாரைச் சபையே வாங்கித் தரும். கிறிஸ்துமஸுக்குப் பதுளையிலிருந்து வரும் பாதிரியார் முன்னால் வாசித்துக் காட்டினால் பதவி நிலைக்கும். இல்லாவிட்டால் கடைசி வாங்கில் போய் உட்கார வேண்டியதுதான்.

அஸீஸ் நானா முதல் கித்தாரை மீட்டினார். “இது பச்சப்புள்ளயும் வாசிக்கும். பாடிக்கிட்டே வாசிக்கலாம்.”

“ஐயோ, வேணாம்!” என்றார் கூட வந்திருந்த உபதேசியார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார் போல. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆகக் கஷ்டமானது எது நானா?” என்று கேட்டார்.

“இந்தா, மூணாவது. கம்பி மேல தூக்கி நிக்குது. வெரல வெட்டும்.”

“அதையே கட்டுங்க.”

“ஐயா, எனக்கு அந்த மொத…”

“கர்த்தருக்கு லேசானதையா குடுப்ப, யாகோப்பு?”

யாகோப்பு வெட்கிப்போனார். தராசிலும் மூன்றாவதுதான் கனமாக இருந்தது என்பது அவருக்கு ஓர் ஆறுதல். அஸீஸ் நானா ஒரு தாளில் எந்தக் கம்பி, எந்த விரல் என்று புள்ளி வைத்துக் கொடுத்தார். “எட்டுச் சுரம். ஏறணும், எறங்கணும். அவ்வளவுதான்.”

ஏறுவதற்கே ஒன்பது நாள் ஆயிற்று. விடிகாலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுமுன் எழுந்து, லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, “ஒண்ணு… மூணு… ஐயோ…” என்று எண்ணிக்கொண்டே ஏறுவார். நாலாவது சுரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும். ஐந்தாவதில் மனைவி நேசராணி எழுந்துவிடுவாள்.

“ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

யாகோப்பு யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டார். மறு நிமிஷம் கித்தார் முற்றத்தில் கிடந்தது. பக்கத்தில் யாகோப்பும்.

சரி, வேலைத்தலத்தில் பழகிக்கொள்வோம் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிப் போனார். ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் நடுவே ஒரு சுரம். இதில் ஒரு சின்னக் கோளாறு ஏற்பட்டது. விரல் கணக்கும் ராத்தல் கணக்கும் மண்டைக்குள் கலந்துவிட்டன.

“லூர்தம்மா! மூணு ராத்தல்!”

“என்னாது? கூடை ரொம்பி வழியுது, மூணா?”

“மன்னிச்சுக்க. ரெண்டு.”

அன்றைக்கு மடுவத்தில் நடந்ததைப் பற்றி யாகோப்பு பிற்பாடு பேச விரும்பியதில்லை. காலிக் கூடைகள் பறந்தன என்று மட்டும் தெரிகிறது.

அடுத்ததாக அவர் கண்டுபிடித்த இடம் ஃபாக்டரி மேல்மாடி. கொழுந்து வாடப் போட்டிருக்கும் இடம். ஆளில்லை, கூடையில்லை. நிம்மதியாக ஆறாவது சுரத்தை அழுத்தினார். “டொய்ங்!” கீழே டீமேக்கர், மிஷின் பெல்ட்டுதான் அறுகிறது என்று அலறி எஞ்சினை நிறுத்தினார். எந்தப் பெல்ட்டு என்று தேடி முடிப்பதற்குள் பாதிக் கொழுந்து வீணாய்ப் போயிற்று.

துரை வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அதை முழுவதும் அன்றே செலவழித்தார். அதன் சாரம்: கித்தாரா, வேலையா?

யாகோப்பு கித்தாரைக் கம்பளியில் சுற்றி உபதேசியார் வீட்டு வாசலில் வைத்தார். “என்னால முடியலைங்க ஐயா. வெறும் வாயாலயே பாடிடறேன். அதுவும் வேணாம்னா கடைசி வாங்குல உக்காந்து பாடறேன்.”

உபதேசியார் முகம் வெளுத்தது. அரை மணி நேரத்தில் சபையே கூடிவிட்டது. கூடையால் அடித்த லூர்தம்மா முதற்கொண்டு வந்து, “விட்டுடாதீங்க அண்ணே!” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். உபதேசியார் தாமே பங்களாவுக்கு ஓடி, துரையிடம் கெஞ்சி, மலை உச்சிப் பாறைமேல் பழகுவதற்கு உத்தரவு வாங்கி வந்தார்.

யாகோப்புக்குக் கண் கலங்கிவிட்டது. தன்மேல் இத்தனை அன்பா?

பாறையில் மழையிலும் பனியிலும் ஏறினார், இறங்கினார். வாரம் ஒருமுறை உபதேசியார் மூச்சிரைக்க மேலே வந்து விசாரிப்பார்.

“வாசிக்கிறப்ப கூடவே பாட வருதா?”

“இன்னும் வரலைங்க. வாயைத் தொறந்தா வெரல் நின்னுடுது.”

“அவசரமில்ல. ஒண்ணும் அவசரமில்ல.”

கிறிஸ்துமஸ் வந்தது. பதுளையிலிருந்து குதிரையில் பாதிரியாரும் வந்தார். யாகோப்பு கித்தாரை மடியில் வைத்து, நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டார். முதல் பாட்டுக்கு எட்டுச் சுரம் ஏறினார். இரண்டாவது பாட்டுக்கு இறங்கினார். மூன்றாவதற்கு ஏறும்போது ஒரு கம்பி அறுந்தது, மீதியில் சமாளித்தார். ஒரு வரி பாடிவிட ஆசைதான். ஆனால் ஐந்தாவது சுரத்தைத் தவறவிட்டால் பதவி போய்விடுமே! வாய் திறக்கவேயில்லை.

சபையார் பாடினார்கள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து, கண்ணைத் திறந்து பாடினார்கள். லூர்தம்மாவுக்கு இப்படியொரு குரல் இருப்பது யாகோப்புக்கு அன்றுதான் தெரிந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது.

“இந்தச் சபை இப்படிப் பாடி நான் கேட்டதேயில்லை,” என்றார் பாதிரியார். “யாகோப்பே ஆயுசுக்கும் பாட்டுத் தலைவர். ஒரு ஆராதனைக்கும் கித்தாரைக் கீழே வைக்கக் கூடாது.”

“ஆமென்!” என்று சபை முழங்கிய முழக்கம் பாட்டையும் மிஞ்சியது.

விரலெல்லாம் துணி சுற்றியிருக்க, நெஞ்சு நிமிர்ந்து வெளியே வந்தார் யாகோப்பு. மரத்தடியில் பாதிரியாரின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற குதிரைக்காரன் சிவஞானம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“பலே அண்ணே! எங்க பதுளைக் கோயில்லயும் ஒருத்தர் இப்பிடித்தான் வருஷக்கணக்காக் கத்திக்கிட்டிருந்தாரு, ஒரு பிடிலை வாங்கிக் கையில குடுத்துத்தான் வாயை அடைச்சோம். ஒங்க உபதேசியாருக்கு அந்த வைத்தியத்தைச் சொல்லிக் குடுத்ததே நான்தானே!”