ஓமுங்க

பெயிண்ட் இருந்தால் வள்ளத்தின் பெயரை மாற்றலாம். துணி இருந்தால் நாட்டையே மாற்றலாம். வாயை மாற்றத்தான் கடையில் ஒன்றும் விற்பதில்லை. போர்க்காலத்தில் பெரிய சரக்குக் கப்பல்களே பெயரை அழித்து, வேற்று நாட்டுக் கொடி ஏற்றிக்கொண்டு வியாபாரம் செய்யுமாம். பின்னாளில் இதை எங்கோ வாசித்தபோது அந்த மாலுமிகளை நினைத்து எனக்குக் கவலையாகிவிட்டது. (நடுவழியில் யாராவது மறித்துக் கதை கேட்டால் பாவங்கள் என்ன செய்வார்கள்?)

எண்பதுகளின் நடுப்பகுதி. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வருவது குறைந்துபோயிருந்தது. நெல்லியடியில் மாமாவின் பலசரக்குக் கடையில் நான் வேலைக்கு நின்றேன். விற்பதற்குத் தூசிதான் தாராளமாக இருந்தது. சவர்க்காரமோ பற்றரியோ மருந்தோ வேண்டுமென்றால், தொண்டைமானாற்று வள்ளங்கள் கடல் கடந்து போய் நாகப்பட்டினப் பக்கமிருந்து கொண்டுவர வேண்டும். கடற்படை ரோந்துக் கப்பலிடம் பிடிபட்டால் வள்ளமும் போகும், ஆளும் போகும். அதனால் எல்லோரும் இந்திய மீன்பிடி வள்ளமாக வேஷம் கட்டினார்கள்.

நான் ஒருமுறை கலியாண வீட்டுக்குச் சென்னை போய் வந்தவன். அதன்பிறகு சந்தையில் கீரை வாங்கும்போதுகூட, "நல்லா இருக்கீங்களா?" என்றுதான் கேட்பேன். இந்தப் பவிசு ஊரெல்லாம் பரவி, ஒருநாள் வள்ளக்காரர் சின்னராசா அண்ணை கடைக்கு வந்தார்.

"தம்பி, உமக்கு இந்தியாக்காரர் மாதிரிக் கதைக்க வருமாமே? எங்களோடை வாரும். ஆரும் மறிச்சால் நீர்தான் வாய். நாங்கள் மூச்சும் விடமாட்டம்."

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வீரம் இல்லை, சாந்தி. அவளைப் பெண் கேட்டுப் போன என் மாமாவிடம் அவளுடைய தகப்பனார், கல்லூரியில் கணக்குப் படிப்பிக்கிற மாஸ்ரர், முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லியிருந்தார்: "கள்ளக் கடத்தல் சாமான் விக்கிறவனுக்கு என்ரை பிள்ளை இல்லை. உவன் என்ரை படலையைத் திறக்கக் கூடாது." அப்படியிருக்க, தாய்க்குத் தொய்வு கூடிவிட்டது, மூச்செடுக்க மருந்து எங்கும் இல்லையென்று சாந்தி கோயிலடியில் நின்று அழுதாள். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. கடல் கடந்தாவது கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டேன். (எனக்கு நீந்தத் தெரியாது.)

'செல்வமுருகன்' என்ற எங்கள் வள்ளம் 'வேளாங்கண்ணி மாதா' ஆனது. இந்தியக் கொடி தைத்த தையற்காரர் நடுவிலுள்ள சக்கரத்துக்கு மாட்டுவண்டிச் சில்லைப் பார்த்துக் கீறியிருந்தார். போகும்போது யாரும் மறிக்கவில்லை. சாமான் ஏற்றி, மருந்துப் போத்தலை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பினோம். விடிந்து வெயில் ஏறுகிற நேரம், எதிரே ஒரு வள்ளம் வந்தது. இந்தியக் கொடி. பக்கத்தில் வந்ததும் பெயரைப் படித்தேன். 'வேளாங்கண்ணி மாதா'.

உண்மையான மாதா எதிரில் வந்துவிட்டார்!

"ஏம்ப்பா, எந்த ஊருப்பா?" என்று அங்கிருந்து ஒரு குரல். அசல் சென்னைக் குரல். குரலுக்குரியவர் முகத்தைத் துவாயால் சுற்றி, லுங்கியை மடித்துக் கட்டி, காதில் பீடி செருகியிருந்தார்.

"நாகப்பட்டினமுங்க! நீங்க எந்த ஊருங்க?"

"நாங்களும் நாகப்பட்டினந்தாம்ப்பா!"

செத்தேன். இனித் தெருப் பெயர் கேட்பார்கள், தெரியாது. ரோந்துக் கப்பலுக்குக் காட்டிக்கொடுப்பார்கள். சின்னராசா அண்ணை என் முதுகில் கிள்ளினார். அந்தக் குரல் மறுபடி கேட்டது: "மீனு கெடச்சுதா?"

"ஓமுங்க!"

'ஆமாங்க' என்பதற்குப் பதில் எங்கள் ஊர் 'ஓம்' என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. சின்னராசா அண்ணை தலையில் கை வைத்து, மாதாவை மறந்து, "முருகா!" என்றார்.

பிறகு அதே சென்னைக் குரல், அசல் எங்கள் வடமராட்சித் தமிழில் கத்தியது: "எட! உது எங்கடை ஆளெல்லோ!"

துவாய் அவிழ்ந்தது. சாந்தியின் தகப்பனார்.

என் வாழ்நாளில் அப்படியொரு அதிர்ச்சியை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. காதில் பீடியோடு மாஸ்ரர்! அவர் இளவயதில் சென்னையில் பட்டம் படித்தவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வள்ளத்துக்கு அவர்தான் வாய்.

"நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?" என்றார்.

"நீங்கள், மாஸ்ரர்?"

அவர் பீடியை எடுத்துக் கடலில் எறிந்தார். "மனுசிக்கு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு. மருந்து ஒரு இடமும் இல்லை. வேறை என்ன செய்யிறது?"

நான் இடுப்பை அவிழ்த்துப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். "மருந்து என்னட்டைக் கிடக்கு, மாஸ்ரர்."

அவர் அப்படியே வள்ளத்துக்குள் குந்திவிட்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் கடல் தண்ணீர் பட்டது என்று கடைசிவரை சாதித்தார்.

அவருடைய வள்ளக்காரர் ஒரு யோசனை சொன்னார். "மாஸ்ரர் உதிலை ஏறி வீட்டை போகட்டும். தம்பி எங்களுக்கு வாயா வரட்டும்." சொன்னவர் என்னை ஒருமுறை பார்த்தார். "வேண்டாம், வேண்டாம். தம்பியே வீட்டை போகட்டும்."

வள்ளங்கள் விலகத் தொடங்கின. மாஸ்ரர் எழுந்து நின்று, "கெதியாக் கொண்டுபோய்க் குடும்" என்றார்.

"உங்கடை படலையை நான் திறக்கக் கூடாதெண்டு…"

"திறவும்!" கடல் நடுவில் வகுப்பறைச் சத்தம். பிறகு தணிந்த குரலில், "போகேக்கை சாத்திப்போட்டுப் போம். ஆடு பூந்திடும்."

மருந்து போய்ச் சேர்ந்தது. மாஸ்ரரும் பத்திரமாக வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையை எங்கே பிடித்தீர்கள் என்று கலியாண வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம், "கடலிலை பட்டது" என்று மீன் கணக்கில் பதில் சொன்னார்.

சாந்தியின் தாய், என் மாமி, இருந்தவரை இந்தக் கதையை என்னைக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்வித்தார். பாதியிலேயே சிரிக்கத் தொடங்குவார், சிரித்தால் மூச்சு முட்டும். அப்போதும் சும்மா இருக்கமாட்டார். கையை நீட்டி, "தம்பி, மருந்து கொண்டுவந்தனீரோ?" என்பார்.

வீடு முழுக்கச் சேர்ந்து கத்தும்: "ஓமுங்க!"