அயர்லாந்துக் காணி வழக்கும் உறுதி அண்ணையும்

பக்கத்து வீட்டுக்காரனோடு எல்லைச் சண்டை பிடிக்காத யாழ்ப்பாணத்தான் இல்லை. ஆனால், பல நூற்றாண்டுகளுக்கு முன் செத்துப்போன அயர்லாந்துத் துறவிகளோடு சண்டை பிடித்தவர் உறுதி அண்ணை ஒருவர்தான்.

ஊரில் நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதி எழுதியவர் என்பதால் அந்தப் பெயர். புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் என்னோடு ஒரு பேக்கரியில் வேலை. நூலகத்தில் கழித்துப்போட்ட ஒரு புத்தகத்தை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தார். அயர்லாந்தில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் மத்தியகால வரலாறு. அதன் காணியில் ஒரு துண்டைப் பக்கத்து மடத்துத் துறவிகள் தங்களுடையது என்கிறார்கள். வாசித்த அண்ணைக்கு இரத்தம் கொதித்துவிட்டது.

ஏக்கர் கணக்கையெல்லாம் நம்மூர்ப் பரப்புக் கணக்காக மாற்றினார். பாண் பையின் பின்புறத்தில், "கிழக்கு எல்லை ஆறு, மேற்கு எல்லை மடத்தின் பார்லி வயல்" என்று உறுதியே எழுதிவிட்டார். அந்த ஊர்ப் பாதிரியாருக்குக் கடிதம் வேறு.

"என்னண்ணை எழுதினீங்கள்?"

"உடனே கதியால் நட்டு வேலியை அடைக்கச் சொன்னன். இல்லாட்டி உவங்கள் எல்லையை இன்னும் உள்ளுக்கு அரக்குவாங்கள்."

"உவங்கள் செத்து எத்தினை நூறு வருஷம்!"

"செத்தால்? காணி கிடக்குதுதானே!"

ஊரில் ஒரு முழம் வேலி தன் காணிக்குள் தள்ளி வந்ததற்காக, மிசிசாகாவில் இருக்கும் சொந்தத் தம்பியோடு பல வருஷமாகப் பேசாதவர் அவர். அந்தத் தம்பிக்கு வெள்ளிக்கிழமை நெஞ்சில் ஒப்பரேசன் என்று செய்தி வந்தது.

"போய்ப் பாருங்கோ அண்ணை."

"பொறு. புத்தகம் முடியட்டும். கோயில் வெண்டால் அவன் என்னட்டை வரட்டும். மடம் வெண்டால் நான் போறன்."

இந்த மனுசனை என்ன செய்வது! எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வியாழன் மத்தியானம், சாப்பாட்டு அறையில் கடைசிப் பக்கத்தை விரித்தபடி அசையாமல் இருந்தார்.

"ஆர் வெண்டது?"

"தீர்ப்பு எழுதின ஓலை துலைஞ்சு போச்சாம். மடமும் இடிஞ்சு, கோயிலும் இடிஞ்சு, இப்ப அதுக்குள்ள செம்மறியாடு மேயுதாம்."

புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "காரை எடு" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி எங்களைக் கண்டதும் மிரண்டுவிட்டார்.

"அண்ணை, வேலி விஷயமோ?"

"அங்கை ஆடு மேயுதடா" என்று சொல்லித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார் அண்ணை. தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சேர்ந்து அழுதார்.

எனக்குத் தமையன் இல்லை. அன்றைக்குத்தான் அது ஒரு குறையாகத் தெரிந்தது.